வயிற்றுக்குள் ஒரு சாம்பியாப் பென்னி

என் வாழ்க்கையில் எனக்கு நேர்ந்த அவமானங்களில் முக்கால்வாசி வாயால் வந்தவை. பேசியதால் அல்ல, கண்டதையெல்லாம் வாயில் வைத்ததால். எது கையில் அகப்பட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது என் பற்களுக்கிடையில் இருக்கும். பேனை மூடி, சட்டைப் பித்தான், வீட்டுத் திறப்பு, முன்வாங்கில் இருந்தவனுடைய அடிமட்டம். ஒருமுறை கோண்டாவிலில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் ரிக்கற்றை மென்று முடித்துவிட்டு, பரிசோதகரிடம் "விழுங்கிப்போட்டன்" என்று உண்மையைச் சொல்லித் தண்டம் கட்டினேன். (தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். உண்மைதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.)

அப்படிப்பட்டவன் இருபத்தாறு வயதில் அகதியாக மொன்றியலுக்கு வந்து, ஒரு புதிய நாடு அடித்த முதல் காசுகளில் ஒன்றை விழுங்கினான் என்று கேள்விப்பட்டபோது, ஊரில் இருந்த என் அம்மா ஆச்சரியப்படவில்லையாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஐந்து ஆண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். ஐந்து பேரும் எதற்காவது காத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் விசாரணைத் தேதிக்கு, ஒருவர் வேலை அனுமதிக்கு, ஒருவர் மனைவியின் கடிதத்துக்கு. நான் இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் காத்திருந்தேன். காத்திருப்பது என்றால் மற்றவர்கள் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்ப்பார்கள். என்னால் அது முடியாது. சமையலறையிலிருந்து முன்கதவு வரை பதினொரு அடி. காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய் வந்தால் மிச்ச நேரம் முழுக்க அந்தப் பதினொரு அடியை நடந்துகொண்டிருப்பேன். கூட இருந்தவர்கள் எனக்கு வைத்த பெயர் "பெண்டுலம்".

வீட்டுத் தலைவர் குணம் அண்ணை. எங்களுக்கு இரண்டு வருஷம் முந்தி வந்தவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதனால் தனக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு என்பது அவருடைய எண்ணம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் சாப்பாட்டுப் பெயர்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆஸ்பத்திரி தேவைப்பட்டது.

எதிர்வீட்டில் முலெங்கா இருந்தார். சாம்பியாக்காரர். முப்பது வயதிருக்கும். உபகாரச் சம்பளத்தில் பொறியியல் படிக்க வந்து, படிப்பு பாதியில் நின்று, இப்போது ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் குளிரிலும் மடிப்புக் குலையாத சட்டை. நாங்கள் வந்த முதல் வாரம் படிக்கட்டில் சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டு ஏறியபோது அவர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன், "மடையன்?" என்றார். நாங்கள் படியிலேயே நின்றுவிட்டோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து போன ஒரு மாஸ்டர். அந்த மாஸ்டரிடம் அவர் கற்ற ஒரே தமிழ்ச் சொல் அது. வணக்கம் போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். (வகுப்பில் ஒவ்வொரு நாள் காலையும் மாஸ்டர் அதைச் சொல்லித்தான் தொடங்குவாராம்.) குணம் அண்ணை அர்த்தத்தை விளங்கப்படுத்தியபோது முலெங்கா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து நாங்கள் சினேகிதர்கள்.

அந்த மார்ச் மாதம் என் நிலைகொள்ளாத அந்தரத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. பக்கத்து நகரமான லவாலில் நேசன் என்று ஒருவர் இருந்தார். முன்னமே வந்து தொழிற்சாலையில் நிரந்தர வேலை, ஒரு கார், ஒரு வீடு என்று நிலைத்துவிட்டவர். அவருடைய தங்கை வதனி. குணம் அண்ணை கலியாணம் பேசி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. படம் பார்த்திருந்தேன். படத்தில் அவள் கமராவைப் பார்க்கவில்லை, கமராவுக்குப் பின்னால் நின்றவனை "சீக்கிரம் எடு" என்று அதட்டுவதுபோல நின்றாள். எனக்குப் பிடித்துவிட்டது. பெண்டுலம் வேகமாக ஆடத் தொடங்கியது.

வியாழக்கிழமை பின்னேரம் முலெங்கா தேத்தண்ணி குடிக்க வந்தார். பேச்சு எப்படியோ காசுக்கு வந்தது. அவர் எழுந்து போய்ச் சின்னத் தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளேயிருந்த பஞ்சை விலக்கி, நாலு காசுகளை மேசையில் வைத்தார். சாம்பியா சுதந்திரம் பெற்றதும் வந்த முதல் காசுகள். ஒன்றில் மான், ஒன்றில் கொம்புமூக்குப் பறவை, ஒன்றில் பூ. நாலாவது செம்பு நிறத்தில், நடுவில் ஓட்டையுடன் ஒரு பென்னி. சாம்பியா என்ற பெயரும் அறுபத்தாறாம் ஆண்டும் இருந்தன. இரண்டு வருஷத்தில் நாடு வேறு கணக்குக்கு மாறிவிட, அந்தப் பென்னி வழக்கொழிந்து போய்விட்டதாம்.

"இதை அப்பா தந்தவர்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அப்பா செம்புச் சுரங்கத்தில் வேலை. சம்பளத்தோடு புதுக்காசு வந்த அன்று எங்களுக்கு ஆளுக்கொரு பென்னி நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டார். இதில் இருக்கிற செம்பு தான் தோண்டியது என்று சொல்வார். இருக்காது. ஆனால் நாங்கள் நம்பினோம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாங்கள் இதை உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுப்போம், விசில் வரும்," என்று சொல்லி, வைத்துக் காட்டினார். ஒரு மெல்லிய, அழகான சத்தம் வந்தது. காசைத் துடைத்து மேசையில் வைத்தார்.

நான் அதை எடுத்தேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. "தம்பி, வை," என்று குணம் அண்ணை சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் அதற்குள் காசு உதட்டில் இருந்தது. முதல் முறை இழுத்தேன், சத்தம் வரவில்லை. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து எதையும் ஒழுங்காகச் செய்யாதவன் இதையாவது செய்துகாட்ட வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை என் பலம் முழுவதையும் கூட்டி இழுத்தேன்.

விசில் வந்தது. அரைச் செக்கன் வந்து நின்றது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. நான் மேசையைப் பார்த்தேன், மடியைப் பார்த்தேன், பிறகு தொண்டைக்குக் கீழே ஏதோ மெதுவாகப் பயணம் செய்வதை உணர்ந்தேன். முலெங்கா என் முகத்தைப் பார்த்தார். அவருடைய வாயிலிருந்து வந்தது ஆங்கிலம் அல்ல.

"மடையன்," என்றார். இந்த முறை அர்த்தம் தெரிந்து சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். குணம் அண்ணைதான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், முலெங்காவுக்கு நன்றாகவே வரும். ஆனால் "இஞ்ச பிரெஞ்சில கதைச்சாத்தான் மதிப்பாங்கள், நீங்கள் ரெண்டு பேரும் பேசாம இருங்கோ," என்று அவர் கட்டளையிட்டுவிட்டார். இளம் வைத்தியர் ஒருவர் என்னை எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நீண்ட நேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அதில் "ரொன்டெல்" என்று ஒரு சொல் வந்தது.

குணம் அண்ணை என் பக்கம் திரும்பினார். "வெங்காயம் பொரிச்சுச் சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறார்."

"வெங்காயமோ?"

"ஓம். வட்டமா வெட்டிப் பொரிக்கிறது. எங்கட கடையில அதுக்கு அதுதான் பேர்."

நான் இல்லை என்று தலையாட்டினேன். வைத்தியர் படத்தில் வட்டத்தையும் நடுவிலிருந்த ஓட்டையையும் காட்டி மறுபடி கேட்டார். பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். (கியூபெக்கில் ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் கறுப்பு வட்டத்துக்கும் அதே பெயர்தான் என்பதை நான் பல மாதம் கழித்து அறிந்தேன். நட்டுக்குக் கீழே போடும் வாசருக்கும் அதே பெயர். வைத்தியர் கேட்டது வாசர்.) கடைசியில் அவர் தன் விரலில் கிடந்த மோதிரத்தைத் தொட்டுக்காட்டி, இதுபோல ஏதாவதா என்று சைகையில் கேட்டார். குணம் அண்ணைக்கு இது நன்றாக விளங்கியது. "ஓம், ஓம், அது மாதிரி," என்று பிரெஞ்சில் சொன்னார். வைத்தியர் ஒரு பெருமூச்சுடன் என்னிடம் ஆங்கிலத்துக்கு மாறினார். தானாக வெளியே வந்துவிடும், மூன்று நாலு நாள் ஆகலாம், நன்றாக நட, ஒவ்வொரு முறை வெளிக்குப் போகும்போதும் பார், வயிற்றுவலி வந்தால் உடனே வா. உன் நண்பர் பேசுவது எந்த மொழி என்றும் கேட்டார்.

குணம் அண்ணை ஆஸ்பத்திரித் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்துத் தகவல் சொன்னார். "பயப்பிடாதேங்கோ. வயித்துக்குள்ள மோதிரம் மாதிரி ஒண்டு கிடக்கு. அவ்வளவுதான்."

அந்த "மாதிரி" வெள்ளிக்கிழமை காலை பிரெஞ்சு வகுப்பிலேயே காணாமல் போய்விட்டது. மத்தியானம் செய்தி அஹுன்ட்சிக் பக்கம் போனபோது அது தங்க மோதிரம். பின்னேரம் புரோசார்ட்டில் அது கலியாண மோதிரம். சனிக்கிழமை காலை லவாலைப் போய்ச் சேர்ந்தபோது, மோதிரத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தியும் ஊரில், அரியாலையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் நடந்துகொண்டிருந்தேன். வீட்டில் அவரவர் தெரிந்த வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வாழைப்பழம், ஒருவர் வெண்டிக்காய், ஒருவர் தலைகீழாக நில் என்றார் (அது போன வழியே திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்). குணம் அண்ணை எனாமல் வாளி ஒன்றும் நீண்ட பிடிவைத்த வடிகட்டி ஒன்றும் வாங்கிவந்து, "இது உனக்கு மட்டும்," என்று என் பெயரை எழுதி ஒட்டிவைத்தார். அந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாக இருந்த முதல் பொருட்கள் அவைதான்.

முலெங்கா திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. வேலை முடிந்ததும் வந்து, கோட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "செய்தி உண்டா?" என்று மட்டும் கேட்பார். நான் இல்லை என்பேன். அவர் எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவார். பாதி உருகிய சேற்றுப் பனியில் நாங்கள் இரண்டு பேரும் தெருத்தெருவாக நடந்தோம். மலைச்சரிவில் பெரிய தேவாலயம் இருக்கிறது. அதன் நடுப்படிகளில் ஆட்கள் முழங்காலில் செபித்துக்கொண்டே ஏறுவார்கள். நான் பக்கத்துப் படிகளில் இரண்டிரண்டாகப் பாய்ந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். முழங்காலில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டாள். என் தேவை தன்னுடையதைவிட அவசரமானது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை அந்தப் படிகளின் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது முலெங்கா சொன்னார்: "அப்பா போன வருஷம் செத்துப்போனார். என்னால் போக முடியவில்லை. அங்கே போனால் இங்கே திரும்பி வர விடமாட்டார்கள்." பிறகு, "அவர் தன் கையால் தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பென்னி ஒன்றுதான்," என்றார்.

நான் மறுபடி படிகளில் இறங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இறங்கி, திரும்ப ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. நேசன் அண்ணை.

"தம்பி, நீர் ஊரில ஒரு பிள்ளைக்கு மோதிரம் போட்டனீராம். அது குழம்பின கவலையில மோதிரத்தை விழுங்கினனீராம். உண்மையோ?"

"இல்லை அண்ணை. அது சாம்பியா..."

"ஆரெண்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நாங்கள் வாறம். நேரில கதைப்பம்." வைத்துவிட்டார். (சாம்பியா என்பது பெண்ணின் பெயர் என்று அவர் நினைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.)

ஞாயிற்றுக்கிழமை காலை குணம் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது. அவர்கள் வர முன்னம் அலுவலை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு மூன்று மேசைக்கரண்டி ஆமணக்கெண்ணெய் தந்தார். அது வேலை செய்ய எவ்வளவு நேரமாகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். சோபாவின் கிழிசலை மறைக்கப் புதுப் படுக்கை விரிப்புப் போட்டிருந்தோம். நேசன் அண்ணை நடுவில் உட்கார்ந்தார். வதனி ஓரத்தில். படத்தில் இருந்த அதே முகம், அதே பொறுமையின்மை. நான் எதிரே கதிரையில், முழங்கால்களை ஒட்டிவைத்து.

"சுத்தி வளைக்காமல் கேக்கிறன். அது ஆரின்ர மோதிரம்?" என்று நேசன் அண்ணை தொடங்கினார்.

"மோதிரம் இல்லை அண்ணை. காசு. ஓட்டைக் காசு."

"எந்த நாட்டில தம்பி காசில ஓட்டை போடுறவங்கள்?"

"சாம்பியாவில. எதிர்வீட்டுக்காரர்ற காசு."

"அவர்ற காசு உம்மட வயித்துக்குள்ள ஏன் போனது?"

"அதில விசிலடிச்சனான்."

தமிழில் இதைவிடக் கேவலமான ஒரு பதிலை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. குணம் அண்ணை நிலைமையைக் கண்டு ஓடிப்போய் முலெங்காவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். முலெங்கா டப்பாவைத் திறந்து மிச்ச மூன்று காசுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

நேசன் அண்ணை குனிந்து பார்த்தார். "உதில ஒண்டிலயும் ஓட்டை இல்லையே."

"ஓட்டை உள்ளது இவருக்குள் இருக்கிறது," என்றார் முலெங்கா ஆங்கிலத்தில், என்னைக் காட்டி.

நேசன் அண்ணை எழும்பிவிட்டார். "வதனி, வா, போவம்."

வதனி எழும்பவில்லை. பறவை போட்ட காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதில ராணியின்ர தலை இல்லையே," என்றாள். பிறகு அதையே முலெங்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

முலெங்காவின் முகம் மூன்று நாளில் முதல் தடவையாக விரிந்தது. "நான் சின்னப் பையனாக இருந்தபோது எல்லாக் காசிலும் அந்த அம்மாவின் தலைதான். எங்களுக்கென்று காசு வந்த அன்று அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் எங்கள் நாட்டுச் சின்னம். மறுபக்கம் எங்கள் காட்டில் கத்துகிற பறவை. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அது எங்களுடைய காசு என்று அவருக்குத் தெரிந்தது."

வதனி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நேசன் அண்ணை மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். எங்கள் ஊர்ச் செய்தி வானொலியில் வரும் நாட்களில் அந்த அறையில் விழுகிற அமைதி அது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த அமைதிக்குள் என் வயிறு பேசியது. எல்லோருக்கும் கேட்டது. ஆமணக்கெண்ணெய் வந்து சேர்ந்துவிட்டது.

"மன்னிக்கவேணும்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கோட்-டெ-நேஜின் பழைய வீடுகளில் குளியலறைக் கதவு வெறும் பேருக்குத்தான். அந்தக் கதவுக்கும் சோபாவுக்கும் இடையில் நான் தினமும் நடந்த அந்தப் பதினொரு அடியில் பாதி தூரம்கூட இல்லை. உள்ளே நடந்ததை நான் விபரிக்கப் போவதில்லை. எனாமல் வாளியில் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன். கோயில் மணிபோல, தெளிவாக.

வெளியே யாரோ மெதுவாக, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, கைதட்டினார்கள். முலெங்கா. அவருடைய ஊரில் அது நன்றி சொல்கிற முறையாம். எனக்கு அது அன்று தெரியாது. அந்தச் சின்ன அறையில் நின்று, ஒரு மனிதனுக்கு வேறு என்ன கேடு வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கொதிநீரில் கழுவினேன். குணம் அண்ணை கதவுக்குக் கீழால் தள்ளிய கோப்பை கழுவும் திரவத்தாலும் கழுவினேன். ஒரு கடதாசித் துண்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நேசன் அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குணம் அண்ணை யன்னலைப் பார்த்தார்.

வதனி கையை நீட்டினாள்.

"நல்லாக் கழுவினீங்களோ?"

"மூண்டு தரம்."

கடதாசியோடு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தாள். "ஓட்டை இருக்கு அண்ணா," என்றாள். ஆண்டையும் பெயரையும் வாசித்தாள். பிறகு முலெங்காவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். என் வயிறு அதைத் துலக்கியிருந்தது, முன்பைவிடச் சிவந்திருந்தது. பெருவிரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அப்பா செம்பெடுக்க மண்ணுக்குள் போனார்," என்றார். "நீயும் கஷ்டப்பட்டுத்தான் எடுத்திருக்கிறாய்."

முதலில் சிரித்தவள் வதனி. அடுத்தது முலெங்காதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பிப் போகும்போது காரில் நேசன் அண்ணை தங்கையிடம், "உவன் ஒரு விசரன் போல கிடக்கு," என்றாராம். அவள், "உப்பிடி ஒரு கதையை ஒருத்தராலும் கட்ட ஏலாது அண்ணா. உண்மை பேசுற ஆள்," என்றாளாம். அடுத்த மாதம் பேச்சு முற்றாகியது. கலியாணத்தன்று தாலியையும் மோதிரங்களையும் நேசன் அண்ணை தன் சட்டையின் உள்பைக்குள் வைத்திருந்தார். ஐயர் கேட்டபோதுகூட என் கைக்குத் தராமல் நேரே ஐயரிடம் கொடுத்தார். முலெங்கா முதல் வரிசையில் இருந்தார். சில வருஷங்களில் வதிவிடக் கடதாசி சரிவந்து, ஒருமுறை ஊருக்குப் போய்த் தகப்பனின் புதைகுழியைப் பார்த்துவிட்டும் வந்தார்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஒருநாள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. கரடிப் பொம்மையின் கண்ணாக இருந்த பித்தானை விழுங்கிவிட்டாளாம். வதனியும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெண் வைத்தியர் ஒருவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது முன்பு ஏதாவது இருந்திருக்கிறதா?

வதனி என் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. நல்ல சுத்தமான பிரெஞ்சில், "ஓம். தகப்பன் வழி," என்றாள்.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். புதிதாக எந்த வைத்தியரிடம் போனாலும் பரம்பரை நோய் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தொலைபேசியில் தாயிடம் கேட்பாள். வதனி மனப்பாடமாக ஒப்புவிப்பாள்: "பிரஷர் என்ர பக்கம். சீனி வருத்தம் அப்பான்ர பக்கம். காசு விழுங்கிறதும் அப்பான்ர பக்கம்." போன மாதம் மகள் சொன்னாள், ஒரு தாதி அந்த மூன்றையும் அப்படியே எழுதிக்கொண்டு, மூன்றாவதற்கு அப்பா ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று கேட்டாளாம்.